வர மறுத்த படிகம்

ஜெயவேல் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு அனுப்பிய ரெகார்டு இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் மூன்றாம் அத்தியாயத்தை ஏற்க முடியவில்லை என்று அதைப் பரிசோதிக்கிற பேராசிரியர் கிருஷ்ணப்பன் பெங்களூரிலிருந்து எழுதியிருந்தார். ரொம்ப மரியாதையான கடிதம். "தங்கள் அளவுகள் நேர்த்தியானவை" என்று ஆரம்பித்து, "ஆயினும் தாங்கள் விவரிக்கும் படிகத்தை எங்கள் ஆய்வுக்கூடத்தில் எவராலும் ஒருமுறைகூட வரவழைக்க இயலவில்லை" என்று நடுவில் சொல்லி, "ஏப்ரல் பதினாறாம் தேதி சென்னை வருகிறேன், என் கண்ணெதிரில் காட்டவும்; இயலாவிடில் ரெகார்டைத் திருப்பியனுப்பப் பரிந்துரைப்பேன்" என்று முடித்திருந்தார். பொய் என்ற சொல்லை அவர் எழுதவில்லை. எழுதாமலேயே அது கடிதம் முழுக்கக் கால்நீட்டி உட்கார்ந்திருந்தது.

ஜெயவேல் திருவொற்றியூரில், புளியிலிருந்து டார்டாரிக் அமிலம் எடுக்கும் ஒரு கம்பெனியில் கெமிஸ்ட். வயது முப்பத்தொன்று. புளியந்தோப்பில் புத்தர் படம் மாட்டிய வீட்டில் பிறந்து, துறைமுகத்தில் கரி இறக்கிய அப்பாவின் கூலியில் பி.எஸ்ஸி. வரைக்கும் படித்தவன். இப்போது வியாசர்பாடியில் மனைவி பூமாரியோடும் நாலு வயசுப் பெண்ணோடும் குடியிருந்தான். பகலில் கம்பெனிக்கு அமிலத்தைச் சோதித்துக் கொடுப்பான். மணி ஐந்தடித்ததும் தன் சொந்த வேலையைத் தொடங்குவான். அந்த அமிலத்தோடு இரண்டு உப்புகளைச் சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்தால் படிகமாகிற ஒரு இரட்டை உப்பு; அதற்குத்தான் மூன்று வருஷச் சாயங்காலங்களைக் கொடுத்திருந்தான். வீட்டிலும் ஒரு கிண்ணம் காய்ச்சி வைப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் கிண்டியில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குப் போய், அங்கேயும் ஒரு கிண்ணம் காய்ச்சி, அங்கே இருந்த கருவியில் படிகத்தை எக்ஸ்ரே படம் எடுத்து, உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று கணக்குப் போடுவான். ஊரே குதிரைப் பந்தயம் பார்க்கக் கிண்டிக்குப் போனபோது இவன் போன காரணம் இது.

அந்த உப்பு இரண்டு உருவத்தில் படிகமாகும் என்பதுதான் அவன் கண்டுபிடிப்பு. முதல் உருவம் கண்ணாடி மாதிரித் தெளிந்த மெல்லிய தகடு. இரண்டாவது, நொய்யரிசி போல வெள்ளை மணி. அதே உப்பு, அதே எடை, அதே தண்ணீர். உள்ளே அடுக்கு மட்டும் வேறு. முதல் எட்டு மாதம் தகடு மட்டுமே வந்தது. பிறகு ஒரு நாள் மணியும் வந்தது. இரண்டையும் அளந்து எழுதி, ரெகார்டோடு இரண்டு பாட்டிலில் மாதிரியும் போட்டு பெங்களூருக்கு அனுப்பிவிட்டு, பட்டம் கைக்கு வந்துவிட்ட மாதிரி நிம்மதியாக இருந்தான். மூன்றாம் அத்தியாயம் தகட்டைப் பற்றியது.

கடிதம் வந்த அன்று மாலையே அடுப்பைப் பற்றவைத்தான். காட்டினால் போகிறது, இதென்ன பெரிய காரியம்! மறுநாள் மூடியைத் திறந்தால் கிண்ணம் நிறைய மணி. பாதி எடையில் செய்தான், மணி. மெதுவாக ஆறவைத்தான், மணி. ஐஸ் வைத்து ஆறவைத்தான், அதுவும் மணி. அலமாரியில் தகடு என்று எழுதி வைத்திருந்த பழைய பாட்டிலை எடுத்துப் பார்த்தான். அதற்குள்ளிருந்த தகடெல்லாம் எப்போதோ பொரிந்து வெளுத்துப் போயிருந்தது. பெங்களூருக்கு அனுப்பிய தகடும் இப்படித்தான் ஆகியிருக்கும்.

"இன்னா சார், பதினேயு தபா ஆச்சி," என்றான் ஆய்வுக்கூடத்து அட்டெண்டர் கோதண்டம், கிண்ணங்களைக் கழுவிக்கொண்டே. அவனுக்கு ஜெயவேலுவைவிடப் பத்து வயசு அதிகம். "அந்தத் தகடு வர்றதுன்னா வரும், வரலன்னா வுடு. இதுக்குன்னு பேஜாரு பட்டுகினு கீறியே."

"வந்துதே கோதண்டம். நீயே பாத்தியே."

"நான் பாத்தேன். நான் சொன்னா அந்த பெங்களூர்க்காரு கேட்டுக்குவாரா? பீங்கான் கயுவுறவன் சாட்சின்னு சொல்லிடுவாரு."

அது உண்மைதான். ஜெயவேலுவைப் பயமுறுத்தியது பட்டம் போய்விடும் என்பதல்ல. வேறொருத்தனுக்கு இப்படி ஆகியிருந்தால், எங்கேயோ தவறு நேர்ந்திருக்கிறது, பாவம், என்று சொல்லிவிட்டுப் போவார்கள். புளியந்தோப்பு ஜெயவேலுவுக்கு ஆனால், இவனுக்கெல்லாம் எதற்கு இந்த வேலை, கதை கட்டியிருக்கிறான், என்று தலையாட்டுவார்கள். அடுத்து அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தன் ரெகார்டைத் தூக்கிக்கொண்டு வந்தால், அவனுடைய பக்கங்களையும் முகர்ந்து பார்த்துத்தான் திறப்பார்கள். இதை யாரும் அவனிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில், ரெகார்டின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, யாரோ எழுதியதைப் போல முதல் பக்கத்திலிருந்து படித்தான். அவனிடம் ஒரு வழக்கம் உண்டு. எதையும் விடாமல் எழுதுவான். அன்றைக்கு என்ன சட்டை போட்டிருந்தான் என்பதைத்தான் எழுதவில்லை, மற்றதெல்லாம் இருந்தது. "1953 மார்ச் 9, திங்கள்: கம்பெனியில், ஏழாம் கிண்ணத்தில் முதல் முறையாக மணி." அதற்குக் கீழே: "மார்ச் 10: வீட்டில் வைத்த கிண்ணத்தில் தகடு." அதற்குக் கீழே: "மார்ச் 11: ஏழாம் கிண்ணத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று காட்டினேன். நொய் மாதிரி இருக்கிறது என்றாள் மனைவி." அதற்குப் பிறகு வீட்டில் தகடு வரவே இல்லை. கிண்டியில்? பக்கத்தைப் புரட்டினான். கிண்டியில் மார்ச் கடைசிவரைக்கும் தகடு. ஏப்ரல் ஐந்தாம் தேதி மணியை எக்ஸ்ரே எடுக்கப் பையில் போட்டுக் கொண்டுபோயிருக்கிறான். அதற்கப்புறம் அங்கேயும் தகடு இல்லை.

மணி எந்த இடத்துக்குள் நுழைந்ததோ அந்த இடத்தில் தகடு அதோடு சரி. பூமாரி பாலுக்கு உறை குத்துகிறாளே, அந்த மாதிரி. மோர்ப் பாத்திரத்தைச் சரியாகக் கழுவாமல் பாலை ஊற்றினால், எவ்வளவு நல்ல பாலாக இருந்தாலும் விடிவதற்குள் தயிர்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி மணி காற்றில் மிதந்து கிண்ணத்தில் விழுந்தால் போதும். அதைப் பார்த்து மற்றதெல்லாம் அதே மாதிரி அடுக்கிக்கொள்கிறது. சரி, அந்தத் துளி எங்கே ஒட்டிக்கொண்டு வந்தது? பையில், செருப்பில், சட்டைக் கையில், தலைமுடியில். ஆய்வுக்கூடம் ஆய்வுக்கூடமாக அதைச் சுமந்துகொண்டு போனவன் அவன்தான்.

ஜெயவேல் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுப்படியிலிருந்து பூமாரி கரண்டியோடு வந்து பார்த்தாள்.

"இன்னாயா ஆச்சி உனக்கு?"

"நாந்தான் தீட்டு," என்றான் ஜெயவேல். "நான் எங்க போறனோ அங்க அது வராது. நான் இல்லாத எடத்துல, நான் தொடாத பாத்திரத்துல, என் காத்து படாம செஞ்சாத்தான் வரும்."

பூமாரி சிரிக்கவில்லை. கல்லூரி விடுதியில் இரண்டு வருஷம் இவனை ஓரத்தில் தனியாக உட்கார வைத்துச் சோறு போட்டதையும், தண்ணீரைத் தூக்கி ஊற்றிக் குடிக்கச் சொன்னதையும் கல்யாணமான புதிதில் அவன் ஒரே ஒரு முறை சொல்லியிருந்தான். அவன் அதை மறந்தாலும் மறப்பான், அவள் மறக்கிறவள் இல்லை.

"எம்மாம் படிச்சாலும் நீ வெளியதான் நிக்கணுமா? இன்னாயா படிப்பு இது?" என்றாள். குரல் உடைந்தது.

"இது அது இல்ல பூமாரி. இது நான் யாருக்குப் பொறந்தேன்னு கேக்கல. எங்க போய்ட்டு வந்தேன்னுதான் கேக்குது. நான் மட்டுமில்ல, நீயும்தான். ரெண்டு வர்சமா எஞ்சட்டய தொவச்சவ நீ. கோதண்டமும்தான். ஏன், அந்த புரொபசரும்தான். நாந்தான் பெரிய மனசு பண்ணி பாட்டில் அனுப்பி வெச்சனே, அவரு அத்தத் தொறந்து கொட்டிப் பாத்திருப்பாரு. அவரு லேப்பும் போச்சி."

"அப்ப அவுரும் வெளியதான் நிக்கணுமா?"

"ஆமா."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

யார் வீட்டில் செய்வது? தராசு பிடிக்கத் தெரிந்த கை வேண்டும், ஆனால் அந்தக் கையை இவர்கள் இரண்டு வருஷமாகத் தொட்டிருக்கக் கூடாது. ஆளைச் சொன்னவள் பூமாரிதான். ராயபுரத்தில் ஒரு டாக்டரம்மாவின் கிளினிக்கில் மருந்து கலக்குகிற ஜீனத். பெண் குழந்தை பிறந்தது அங்கேதான், ஐம்பத்தொன்றில். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

ஜெயவேல் கம்பெனி டெலிபோனில் பாரிமுனையில் ரசாயனம் விற்கிற கடைக்குப் பேசி, அமிலமும் இரண்டு உப்பும் சீல் உடைக்காத புதுப் பாட்டிலாக நேரே ராயபுரத்துக்கே அனுப்பச் சொன்னான். செய்முறையை எழுதிக் கொடுக்கலாம் என்றால், அவன் கை பட்ட காகிதமும் ஆகாது. ஆகவே ஏப்ரல் பதினான்காம் தேதி, ஊரெல்லாம் வருஷப் பிறப்புக் கொண்டாடிக்கொண்டிருக்க, கடல்காற்று கிளம்புகிறவரைக்கும் காத்திருந்து, புருஷனும் பெண்சாதியும் கிளினிக்குக்கு எதிர்வாடையில், தெருவின் மறுபக்கத்தில் போய் நின்றார்கள். கிளினிக் கடல் பக்கம், இவர்கள் மேற்கே. காற்று இவர்கள்மேல் பட்டு அப்படியே பின்னால் போய்விடும்.

"ஜீனத்தம்மா!" என்று பூமாரி தெருவைத் தாண்டிக் கூப்பிட்டாள்.

வெள்ளை முக்காட்டோடு ஒரு பருத்த அம்மாள் வாசலுக்கு வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "யாரு, பூமாரியா? கொயந்த எப்டி கீது? அங்க நின்னுகினு இன்னாமே பண்றே, உள்ள வா!"

"வரக்கூடாதும்மா!"

"இன்னா, அம்மையா?"

"அம்ம இல்ல! உப்பு!"

அரை மணி நேரம் ஆயிற்று விஷயத்தை விளக்க. நடுவில் ஒரு ரிக்‌ஷாக்காரர் வண்டியை நிறுத்தி, புருஷன் பெண்சாதி சண்டையில் மாமியார் வீட்டு வாசலில் நின்று கெஞ்சுகிறான் போல என்று நினைத்து, "போயா, போய் கால்ல வுயு," என்று ஜெயவேலுவுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார். ஜீனத்துக்கு மட்டும் சட்டென்று புரிந்துவிட்டது. ஊசி போடுகிற இடத்தில் பதினெட்டு வருஷம் வேலை செய்தவளுக்குக் கண்ணுக்குத் தெரியாத அழுக்கைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எடையையெல்லாம் குறித்துக்கொண்டாள். எத்தனை நேரம் காய்ச்சுவது, எப்போது இறக்குவது, எந்த நேரத்தில் மூடுவது என்று அவன் கத்தக் கத்தத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டாள்.

"ரெண்டு நாளைக்கு யாரும் அதை அசைக்கக் கூடாது ஜீனத்தம்மா!"

"டாக்டரம்மாவே வந்தாலும் தொட வுடமாட்டேன், நீ போ நைனா!"

பதினாறாம் தேதி சனிக்கிழமை பகல் பேராசிரியர் கிருஷ்ணப்பன் திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தார். ஒடிசலான மனிதர், கோட்டுப் பையில் மடக்கு லென்ஸும் படிகத்தின் கோணம் அளக்கிற சின்னக் கருவியும் வைத்திருந்தார். இங்கே காட்ட முடியாது, ராயபுரத்துக்கு வரவேண்டும், அங்கேயும் உள்ளே போக முடியாது என்று ஜெயவேல் சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்துக் கோதண்டம் மெல்ல வெளியே நழுவிவிட்டான். ஜெயவேல் அவர் கொண்டுவந்திருந்த ரெகார்டைத் திறந்து அந்தத் தேதிகளையெல்லாம் காட்டினான். பேராசிரியர் அவற்றின் பக்கத்தில் நீலப் பென்சிலால் 'தேவையற்ற விவரம்' என்று அவரே எழுதியிருந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டியதாயிற்று. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

எதிர்வாடையில் பூமாரி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். பேராசிரியரும் அவள் பக்கத்தில் வெயிலில் நின்றார். கடல்காற்று நன்றாகக் கிளம்பட்டும் என்று இருபது நிமிஷம் நிற்கவைத்தான் ஜெயவேல். தெருவில் போகிறவர்கள் கோட்டுப் போட்ட மனிதரை மேலும் கீழும் பார்த்துக்கொண்டு போனார்கள். அவருக்கு அது பழக்கமில்லை என்பது தெரிந்தது. பிறகு ஜெயவேல் கையைக் காட்ட, ஜீனத் கழுத்துவரை மூடி இறுகிய கண்ணாடி ஜாடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள்.

ஜாடியில், தெளிந்த நீருக்கு அடியில் தகடுகள் கிடந்தன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தளவு, வெயில் பட்டபோதுதான் இருக்கிறதே தெரிகிற அளவுக்குத் தெளிவு. ஜெயவேல் இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கிறான்.

பேராசிரியர் ஜாடியோடு லென்ஸை ஒட்டிவைத்து வெகுநேரம் பார்த்தார். "கண்ணாடி வழியாகப் பார்த்து நான் கையெழுத்துப் போட முடியாது, மிஸ்டர் ஜெயவேல். கோணத்தை அளக்க வேண்டும். ஒன்றை வெளியே எடுக்க வேண்டும்."

"யாரா இருந்தாலும் தொடக்கூடாதுன்னு சொல்லிகீது," என்று ஜீனத் ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ஜெயவேல் ஜாடியைப் பார்த்தான். ஊரில் இருந்த தகடெல்லாம் இந்த ஜாடிக்குள்தான். மூடியைத் திறந்தால் இதுவும் போகும், இந்தத் தெருவும் போகும், ஜீனத்தின் மருந்தறையும் போகும். திறக்காவிட்டால் சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். "குடுத்துடுங்கம்மா," என்றான். "அவர் கையாலயே எடுக்கட்டும்."

பேராசிரியர் மூடியைத் திறந்து, விரலை விட்டு ஒரு தகட்டை எடுத்தார். கைக்குட்டையால் ஒற்றி, கருவியில் வைத்து, விளிம்பும் விளிம்பும் சேருகிற கோணத்தை இரண்டு முறை அளந்தார். ரெகார்டின் எண்பத்தெட்டாம் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மூன்றாவது முறையும் அளந்தார்.

"சரியாக இருக்கிறது," என்றார்.

பிறகு, ஆயுள் முழுக்க ஆய்வுக்கூடத்தில் செய்து செய்து ஊறிப்போன பழக்கத்தால், யோசிக்காமல், தகட்டைத் திரும்ப ஜாடிக்குள்ளேயே போட்டார்.

ஜெயவேல் தடுக்கவில்லை. கடிகாரத்தை மட்டும் பார்த்தான். நாலாவது நிமிஷம், போட்ட தகட்டின் ஓரத்தில், விரல் பட்ட இடத்தில், வெள்ளையாக ஒரு புள்ளி. ஆறாவது நிமிஷம் அதைச் சுற்றி நொய் நொய்யாக மணி உதிர்ந்து அடியில் உட்கார்ந்தது. அரை மணி நேரத்துக்குள் ஜாடியில் ஒரு தகடு பாக்கியில்லை. அத்தனை நேரமும் நாலு பேரும் ராயபுரத்துத் தெருவில் நின்றபடி ஒரு ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் தன் வலது கை விரல்களை வெயிலில் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை.

"அப்பா!" என்றாள் ஜீனத். "சுத்தமாத்தான் கீது கை."

பேராசிரியர் கிளினிக் வாசலிலிருந்து ஒரு ஸ்டூல் கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, மூன்றாம் அத்தியாயத்தின் கடைசியில் இருந்த வெற்றிடத்தில் ஆங்கிலத்தில் எழுதினார். எழுதி ஜெயவேலுவிடம் நீட்டினார். 'தகடு உருவத்தை நேரில் கண்டேன், அளந்தேன், ரெகார்டில் உள்ளபடியே இருந்தது. பின்னர் வெளி அசுத்தத்தால் படிகங்கள் உருமாறின.'

ஜெயவேல் படித்தான். இத்துடன் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். பட்டத்துக்கு இது போதும். ஆனால் எதையும் விடாமல் எழுதுகிற அவனுடைய புத்தி சும்மா இருக்கவில்லை.

"சார், வெளி அசுத்தம்னு இருக்கு. எதிலேருந்து வந்ததுன்னு இல்லையே. நாளைக்குப் படிக்கிறவங்க, கலந்தவங்க கையிலேருந்து வந்ததுன்னு நெனச்சுக்குவாங்க."

பேராசிரியர் அவனை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குக் கோபம் வரும் என்று ஜெயவேல் எதிர்பார்த்தான். வரவில்லை. ரெகார்டைத் திரும்ப வாங்கி, கடைசி வரியை அடித்துவிட்டு, அதற்குக் கீழே புதிதாக மூன்று வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுக் கொடுத்தார். பிறகு ஜீனத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வந்த வாடகைக் காரிலேயே ஏறிப் போனார்.

பூமாரி கிட்டே வந்தாள். "இன்னாயா எயுதினாரு?"

ஜெயவேல் தமிழில் சொன்னான்: "'கலந்தவர் கையில் மாசு இல்லை. மாசு, பரிசோதிக்க வந்த என் கையில் இருந்தது. நான் தொட்டதால் இது கெட்டது.'"

அவள் அந்த மூன்று வரியையும் புரியாத எழுத்தின்மேல் விரலை ஓட்டித் தேடினாள்.

"இன்னொரு தபா படி," என்றாள்.